42 ஆயிரம் வரி ஒண்ணேகால் லட்சம் ஆகிற கணக்கு! ஏற்காடு மலை சிறு வியாபாரிகள் பயத்தை யார் போக்குவது?

ஏற்காடு:

வருமான வரி என்றதும் சினிமா நடிகர், மில் முதலாளி, நகைக்கடை அதிபர்தான் பலருக்கும் நினைவு வரும். சேர்வராயன் மலை மீதுள்ள செம்மநத்தம் யாருக்கும் நினைவு வராது. காப்பியும் மிளகும் விளைகிற மலை ஊர் அது. அங்கே யாருக்கு வரி? எதற்கு வரி?

அங்கேதான் தவறு தொடங்குகிறது.

மலையில் இருப்பவர்கள் எல்லாம் மண்வெட்டி பிடிக்கிற விவசாயிகள் மட்டும் அல்ல. பக்கத்துத் தோட்டங்களில் காப்பிக் கொட்டை வாங்கி மூட்டை கட்டி சேலத்துக்கு அனுப்புகிற வியாபாரி இருக்கிறார். சொந்த ஜீப் வைத்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறவர் இருக்கிறார். மே மாதம் கோடை விழா வந்தால் வீட்டில் இரண்டு அறையைச் சுத்தம் செய்து வாடகைக்கு விடுகிறவர் இருக்கிறார். மர வேலை, கட்டட காண்டிராக்ட், ஓட்டல், பெட்டிக்கடை என்று எத்தனையோ தொழில். யாரிடமும் கைகட்டி நிற்காமல் சொந்தக் காலில் நிற்கிறவர்கள்.

மாதச் சம்பளக்காரருக்கு ஒரு சவுகரியம் உண்டு. கம்பெனியே வரியைப் பிடித்துக் கட்டிவிடும். சொந்தத் தொழில்காரருக்கு அப்படி யாரும் இல்லை. அவர் கணக்கை அவரே எழுத வேண்டும். அவர் வரியை அவரே கட்ட வேண்டும்.

எழுதவில்லை. கட்டவில்லை. ஒரு வருஷம் போனது. இரண்டு வருஷம் போனது. அஞ்சு வருஷம் ஆனது. இப்போது மகளின் படிப்புக்குக் கடன் கேட்டு பாங்கிக்குப் போனால், "மூணு வருஷ ரிட்டர்ன் கொண்டாங்க" என்கிறார் மானேஜர்.

அப்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது!

மூன்று தப்புக் கணக்கு

மலையில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் வரி பற்றி மூன்று பேச்சு காதில் விழும். மூன்றும் பாதி உண்மை. பாதி உண்மைதான் முழுப் பொய்யை விட ஆபத்து.

முதல் பேச்சு: "மலையில விளையறது எல்லாம் விவசாயம்தானுங்களே. விவசாயத்துக்கு ஏதுங்க வரி?"

விவசாய வருமானத்துக்கு மத்திய சர்க்காரின் வருமான வரி இல்லை என்பது சரி. தன் தோட்டத்துக் காப்பிப் பழத்தை அப்படியே பறித்து விற்றால் வரி இல்லை. ஆனால் காப்பிக்கு என்று தனி விதி ஒன்று இருக்கிறது. தன் காப்பியைத் தானே பதப்படுத்தி விற்றால், அந்த வருமானத்தில் 25 சதவீதம் வியாபார வருமானம். வறுத்து அரைத்துத் தூளாக விற்றால் 40 சதவீதம் வியாபார வருமானம். மீதிதான் விவசாயம்.

அடுத்தவர் தோட்டத்துக் காப்பியையும் மிளகையும் வாங்கி விற்றால்? அதில் கிடைக்கிற லாபம் முழுக்க வியாபாரம். ஒரு காசு கூட விவசாயக் கணக்கில் வராது. செடி மலையில் நிற்கிறது என்பதால் வியாபாரம் விவசாயம் ஆகிவிடாது.

இரண்டாவது பேச்சு: "நாங்க மலைவாசிங்க. எஸ்.டி. சர்டிபிகேட் இருக்குது. எங்களுக்கு வரியே கிடையாதாமே!"

சேலம் மாவட்டத்து மலையாளி இன மக்கள் பழங்குடியினர் பட்டியலில் இருப்பது உண்மை. பழங்குடியினருக்கு வருமான வரி விலக்கு தருகிற சட்டப் பிரிவு இருப்பதும் உண்மை. ஆனால் அந்தச் சலுகை நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம், திரிபுரா, அருணாசலப் பிரதேசம், மேகாலயா, அசாமின் சில பகுதிகள், லடாக் ஆகிய இடங்களில் வாழும் பழங்குடியினருக்கு, அங்கே சம்பாதிக்கிற வருமானத்துக்குத்தான். சேர்வராயன் மலைக்கோ, கல்வராயன் மலைக்கோ, கொல்லி மலைக்கோ அது இல்லை.

வடகிழக்கு மலையில் ஒரு நியாயம், தமிழ்நாட்டு மலையில் ஒரு நியாயமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சட்டம் இன்று இப்படித்தான் இருக்கிறது. இது தெரியாமல் "நமக்கு இல்லை" என்று இருந்துவிட்டவர் நாளைக்கு நோட்டீசுக்குப் பதில் சொல்ல முடியாது.

மூன்றாவது பேச்சு: "பஞ்சாயத்துல தொழில் வரி கட்டி ரசீது வெச்சிருக்கிறேனுங்க. இன்னும் என்ன வரி?"

தொழில் வரி வேறு, வருமான வரி வேறு. தொழில் வரி உள்ளாட்சிக்குப் போகிறது. அரசியல் சட்டப்படி வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் அதை வாங்க முடியாது. வருமான வரி டில்லிக்குப் போகிறது. பஞ்சாயத்து ரசீதை சேலம் வருமான வரி ஆபீசில் காட்டினால் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

காப்பி போர்டு காலம் போச்சு

இந்தக் குழப்பத்துக்கு மலை ஜனங்களை மட்டும் குறை சொல்வது தர்மம் அல்ல. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

1942-ம் ஆண்டின் காப்பிச் சட்டப்படி, விளைந்த காப்பியை எல்லாம் காப்பி போர்டின் பொதுக் குவியலில் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். போர்டு ஏலம் போடும். பணத்தைத் தவணையாக அனுப்பும். யார் எத்தனை மூட்டை கொடுத்தார், எவ்வளவு வாங்கினார் என்று எல்லாம் போர்டு புத்தகத்தில் இருக்கும். விளைவிக்கிறவர் கணக்கு எழுத வேண்டிய வேலையே இல்லை.

1990-களில் இந்தக் கட்டு அவிழ்ந்தது. 1996-ல் முழுச் சுதந்திரம் கிடைத்தது. யாருக்கு வேண்டுமானாலும், எந்த விலைக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்றானது. நல்ல காரியம்தான். நேற்று வரை விவசாயியாக இருந்தவர் மறுநாள் வியாபாரியும் ஆனார். பக்கத்துத் தோட்டத்து மூட்டையையும் சேர்த்து வாங்கி விற்றார். கையில் நாலு காசு புழங்கியது.

சுதந்திரம் மலை ஏறி வந்தது. கணக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் மலை ஏறி வரவில்லை!

யாருக்குத் தெரியப் போகுது?

"ரொக்கத்துல வாங்குறோம், ரொக்கத்துல விக்குறோம். யாருக்குத் தெரியப் போகுது?" என்கிற தைரியம் ஒரு காலத்தில் செல்லுபடியானது. இப்போது செல்லாது.

ஒருவர் தன் சேமிப்புக் கணக்கில் ஒரே வருஷத்தில் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் போட்டால், பாங்கியே வருமான வரி இலாகாவுக்குத் தகவல் அனுப்பிவிடும். நடப்புக் கணக்கு என்றால் 50 லட்சம். 30 லட்சம் ரூபாய்க்கும் அதற்கு மேலும் நிலம், வீடு வாங்கினால் பத்திர ஆபீசிலிருந்து தகவல் போய்விடும். டெபாசிட் வட்டி, டிவிடெண்டு, பிடித்தம் செய்த வரி என்று சகலமும் பான் நம்பருக்கு நேராக வந்து உட்காருகிறது.

2021 நவம்பர் முதல் இவை எல்லாம் சேர்ந்த வருடாந்திரத் தகவல் அறிக்கையை அவரவரே இலாகாவின் இணையதளத்தில் பார்க்கலாம். அதாவது வியாபாரி கணக்கு எழுதாவிட்டாலும், அவருக்காக ஒரு கணக்கு எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதில் வரவு மட்டும் இருக்கும். செலவு இருக்காது. மூட்டைக்குக் கொடுத்த பணம், லாரி வாடகை, கூலி எதுவும் இருக்காது. அதனால்தான் அந்தக் கணக்கு பூதமாகத் தெரிகிறது.

ஒரு வியாபாரி, ஒரு வருஷம்

பயப்படுவதற்கு முன்னால் கணக்கைப் பார்ப்பது நல்லது. காப்பிக் கொட்டை வாங்கி விற்கும் ஒரு வியாபாரி. 2022-23-ம் வருஷம் அவருடைய மொத்த விற்பனை 80 லட்சம் ரூபாய். பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் கொள்முதலுக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். அத்தனையும் ரொக்கம். கணக்குப் புத்தகம் இல்லை.

சிறு வியாபாரிக்குச் சட்டத்திலேயே ஒரு சுலப வழி உண்டு. 2 கோடி ரூபாய் வரை விற்பனை உள்ளவர் தனித்தனியாகச் செலவுக் கணக்கு காட்ட வேண்டாம். விற்பனையில் குறைந்தது 8 சதவீதம் லாபம் என்று ஒப்புக்கொண்டால் போதும். 80 லட்சத்துக்கு 8 சதவீதம் 6 லட்சத்து 40 ஆயிரம். வேறு கழிவு எதுவும் இல்லை என்றால், அந்த வருஷத்துப் பழைய விகிதப்படி கல்வி வரியும் சேர்த்து 42,120 ரூபாய் வரி.

அதை 2023 ஜூலை 31-க்குள் கட்டியிருந்தால் தலைவலி விட்டது. கட்டவில்லை. 2026 ஜூலையில் போய் நிற்கிறார் என்று வைத்துக் கொள்ளலாம். கணக்கு இதோ:

வரி 42,120 ரூபாய்.

ரிட்டர்ன் தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி. 36 மாதத்துக்கு 15,156 ரூபாய்.

முன்கூட்டிய வரி கட்டாததற்கு மாதம் 1 சதவீதம் இன்னொரு வட்டி. 40 மாதத்துக்கு 16,840 ரூபாய். அந்த வரியின் தவணை தவறியதற்குத் தனியாக 421 ரூபாய்.

இத்தனைக்கும் மேலே கூடுதல் வரி. வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 60 சதவீதம். அது 44,722 ரூபாய்.

தாமதக் கட்டணம் 5,000 ரூபாய்.

மொத்தம் ஒரு லட்சத்து 24 ஆயிரத்து 259 ரூபாய்!

42 ஆயிரம் மூன்று வருஷத்தில் ஒண்ணேகால் லட்சத்தைத் தொட்டுவிட்டது. கந்து வட்டிக்காரர் கூட கொஞ்சம் யோசிப்பார்.

இதில் இன்னொரு வேடிக்கை. அதே வியாபாரி அதே 80 லட்சத்தை ரொக்கமாக வாங்காமல் பாங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ வாங்கியிருந்தால், 8 சதவீதத்துக்குப் பதில் 6 சதவீதம் லாபம் காட்டினால் போதும். அப்போது வருமானம் 4 லட்சத்து 80 ஆயிரம். அந்த வருஷம் 5 லட்சம் வரை தள்ளுபடி உண்டு. வரி பூஜ்யம்!

ஒரே ஆள். ஒரே மூட்டை. ஒரே விலை. பணம் வந்த வழி மட்டும் வேறு. ஒரு வழியில் 42 ஆயிரம். இன்னொரு வழியில் ஒன்றுமில்லை. இதை மலையில் யாராவது போய்ச் சொன்னார்களா?

2025-26-ம் வருஷத்திலிருந்து புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை சாதாரண வருமானம் உள்ளவருக்கு வரி இல்லை. அதாவது 6 லட்சத்து 40 ஆயிரம் சம்பாதிக்கிறவர் வரி கட்ட வேண்டியவரே அல்ல என்று சர்க்காரே இன்று சொல்கிறது. ஆனால் அதே ஆள், அதே வருமானத்துக்கு, மூன்று வருஷம் முந்திய பாக்கியாக ஒண்ணேகால் லட்சம் கட்ட வேண்டும். சட்டப்படி சரியாக இருக்கலாம். மனசு ஒப்பவில்லையே!

பெரிய இடத்துக்கு ஒரு வழி

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பார்கள். பழைய கதையைப் புரட்டினால் வேறு மாதிரித் தெரிகிறது.

1981-ல் மத்திய சர்க்கார் விசேஷப் பத்திரம் ஒன்றை விற்றது. கறுப்புப் பணத்தைப் போட்டு 10 ஆயிரம் ரூபாய்க்குப் பத்திரம் வாங்கினால், 10 வருஷம் கழித்து 12 ஆயிரம் கிடைக்கும். பணம் எங்கிருந்து வந்தது என்று கேள்வி கிடையாது. வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றமும் அந்தத் திட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

1997-ல் தமிழ்நாட்டுக்காரரான ப.சிதம்பரம் நிதி மந்திரியாக இருந்தபோது, தாமாக முன்வந்து வருமானத்தை அறிவிக்கும் திட்டம் வந்தது. தனி நபருக்கு 30 சதவீதம் வரி. வட்டி இல்லை. தண்டம் இல்லை. வழக்கு இல்லை. ஆறே மாதத்தில் சுமார் 33 ஆயிரம் கோடி ரூபாய் வெளியே வந்தது. பழைய நகைக்கு 1987-ம் வருஷத்து விலை போட்டால் போதும் என்றும் சலுகை. தணிக்கை அதிகாரி பிறகு கண்டித்தார். நேர்மையாக வரி கட்டியவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

2016-ல் இன்னொரு திட்டம் வந்தது. அப்போது 45 சதவீதம். அதோடு பழைய கணக்கு தீர்ந்தது.

கோடியை ஒளித்தவருக்கு 30 சதவீதமும் 45 சதவீதமும். ஏற்காட்டு மூட்டை வியாபாரிக்கு வரி, இரண்டு வட்டி, அதன் மேல் 60 சதவீதம். நான்காவது வருஷத்துக்குப் போனால் 70 சதவீதம். எந்த ஊர் நியாயம் இது?

அதற்காகப் பெரிய இடத்தில் யாரும் மாட்டியதே இல்லை என்றும் சொல்ல முடியாது. மறைந்த முதல்-அமைச்சர் ஜெயலலிதாவும் சசிகலாவும் பங்குதாரர்களாக இருந்த சசி என்டர்பிரைசஸ் நிறுவனத்துக்கு 1991-92, 1992-93 ஆண்டுகளின் ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை என்று வழக்கு. 1993-94-க்குத் தனிநபர் ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை என்றும் வழக்கு. 2014 ஜனவரி 30-ந் தேதி உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கெடுவுக்குள் ரிட்டர்ன் கொடுக்காததே குற்றம், வரி எவ்வளவு என்று இலாகா முடிவு செய்யும் வரை காத்திருக்கலாம் என்ற வாதம் செல்லாது. பிறகு சமரசக் கட்டணம் செலுத்தப்பட்டு 2015 தொடக்கத்தில் அந்த வழக்கு முடிவுக்கு வந்தது.

சாதாரண ஜனங்கள் இதில் கற்க வேண்டிய பாடம் ஒன்றுதான். வரி பாக்கி ஒரு தப்பு. ரிட்டர்ன் கொடுக்காதது தனித் தப்பு. கையில் பணம் இல்லை என்பதற்காக ரிட்டர்னையும் கொடுக்காமல் விட்டால், ஒரு தப்பு இரண்டு தப்பாகிறது. ஆனால் அந்த மாதிரி வழக்கை வருஷக்கணக்கில் நடத்த பெரிய இடத்துக்கு வக்கீல்கள் உண்டு. செம்மநத்தத்துக்காரருக்கு யார் உண்டு?

கொண்டை ஊசி வளைவில் ஒரு கேள்வி

"வரி கட்டாட்டி என்னங்க, தூக்குலயா போடுவாங்க?" என்று கேட்கிறவர்கள் உண்டு. தூக்கில் போட மாட்டார்கள். ஆனால் இழப்பு வேறு வழியில் வரும்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. சொந்த வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர் தினம் அதில் ஏறி இறங்குகிறார். எதிரே வந்த வண்டி மோதி அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், குடும்பம் நஷ்ட ஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போகும். அங்கே கேட்கிற முதல் கேள்வி, "அவர் மாசம் எவ்வளவு சம்பாதித்தார்?"

வாய் வார்த்தையாக "அம்பதாயிரம்" என்று மனைவி சொன்னால் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஒப்புக்கொள்வாரா? அத்தாட்சி கேட்பார். வருமான வரி ரிட்டர்ன் சட்டப்படியான ஆவணம், அதை நம்பி வருமானத்தை நிர்ணயிக்கலாம் என்று 2019 டிசம்பரில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ரிட்டர்ன் இல்லாதவர் விஷயத்தில், கோர்ட் உத்தேசமாக ஒரு தொகையை வருமானமாக எடுத்துக்கொள்வதே வழக்கம். அது பெரும்பாலும் கூலிக்காரர் வருமானமாகத்தான் இருக்கும்.

உயிரோடு இருக்கும்போது வருமானத்தை மறைத்தவர், போன பிறகு குடும்பத்துக்கு வர வேண்டியதையும் மறைத்துவிட்டுப் போகிறார். பாங்கி கடன், வெளிநாடு போகிற பிள்ளைக்கு விசா எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ரிட்டர்ன் என்பது சர்க்காருக்குக் கொடுக்கிற காகிதம் மட்டும் அல்ல. "நான் இவ்வளவு உழைத்தேன்" என்பதற்கு உழைத்தவர் கையில் இருக்கிற ஒரே சாட்சி.

என்ன செய்யலாம்?

பல வருஷமாகக் கணக்குக் காட்டாதவருக்கு முதல் மருந்து, பயத்தை விடுவது. காலா காலத்துக்கும் தோண்ட இலாகாவுக்கு அதிகாரம் இல்லை. மறைந்த வருமானம் 50 லட்சத்துக்குக் குறைவு என்றால், சாதாரணமாக மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்று வருஷம் மூன்று மாதத்துக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 50 லட்சத்துக்கு மேல் என்றால் ஐந்து வருஷம் மூன்று மாதம். 2024 செப்டம்பர் 1 முதல் இதுதான் சட்டம்.

இரண்டாவது, ஒவ்வொரு வருஷத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது. சில வருஷத்தில் உண்மையில் வரியே வராமல் இருக்கலாம். மழை பொய்த்த வருஷம், விலை விழுந்த வருஷம் எல்லாம் உண்டே. தோட்ட வருமானம் எவ்வளவு, வியாபார வருமானம் எவ்வளவு, அறை வாடகை எவ்வளவு என்று மூன்று பையாகப் பிரித்தாலே பாதி பூதம் ஓடிவிடும். வியாபார வருமானம் வரம்பைத் தாண்டியவர் தோட்ட வருமானத்தையும் ரிட்டர்னில் காட்ட வேண்டும். அதற்கு வரி இல்லை என்றாலும் வரி விகிதத்தைக் கணக்கிட அது சேரும்.

மூன்றாவது, நோட்டீஸ் வருமுன் தாமாகப் போவது. 2022-ல் வந்த சட்டத்தால் விட்டுப்போன ரிட்டர்னைப் பிந்தி தாக்கல் செய்ய வழி உண்டு. முதலில் இரண்டு வருஷம் கெடு இருந்தது. 2025-ல் அதை நான்கு வருஷமாக நீட்டினார்கள். முதல் வருஷத்துக்குள் என்றால் கூடுதல் வரி 25 சதவீதம். இரண்டாவது வருஷம் 50. மூன்றாவது 60. நான்காவது 70. தள்ளிப்போடப் போட ஏறுகிற மீட்டர் இது. நோட்டீஸ் வந்து மறைத்ததாக முடிவானால் வரியில் 50 சதவீதம் தண்டம். வேண்டுமென்றே பொய்க்கணக்கு என்று ஆனால் 200 சதவீதம்.

நான்காவது, சொந்த போன் நம்பரையும் இ-மெயிலையும் இலாகாவின் இணையதளத்தில் பதிவது. இப்போது நோட்டீஸ் தபால்காரர் கையில் வருவதில்லை. பழைய ஆடிட்டர் நம்பருக்கோ, என்றைக்கோ தொலைந்து போன சிம்முக்கோ போய்க்கொண்டிருக்கும். பதில் வரவில்லை என்று ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும்.

அதே சமயம் போலி நோட்டீசுக்கும் ஏமாறக் கூடாது. 2019 அக்டோபர் முதல் இலாகா அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் ஓர் ஆவண எண் இருக்கும். அதை இணையதளத்தில் சரி பார்க்கலாம். "அய்யாயிரம் குடுங்க, பைலை முடிச்சிடறேன்" என்று யாராவது போன் செய்தால், அவர் ஆபீசரும் அல்ல, ஆடிட்டரும் அல்ல.

ஐந்தாவது, இனியாவது பணத்தை பாங்கி வழியாக வாங்குவது. 8-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று மேலே பார்த்த கணக்கே சொல்லும்.

சர்க்கார் என்ன செய்ய வேண்டும்?

கட்டுகிறவர் கடமை அது. வாங்குகிறவர் கடமை?

கூடுதல் வரியில் சிறியவர், பெரியவர் என்ற வித்தியாசமே இல்லை. ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைந்த பாக்கிக்கும் 60 சதவீதம். ஒரு கோடி பாக்கிக்கும் 60 சதவீதம். இது மாற வேண்டும். சிறு பாக்கிக்கு வரியையும் வட்டியையும் வாங்கிக்கொண்டு, கூடுதல் வரியை விட்டுவிட்டால் கஜானா காலியாகிவிடாது. மாறாக, வரவே வராது என்று இருந்த பணம் வரும்.

இது நடக்காத காரியம் அல்ல. தமிழ்நாடு சர்க்கார் 2023 அக்டோபரில் வணிக வரி சமாதான திட்டம் அறிவித்தபோது, 50 ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட பழைய பாக்கியை அடியோடு தள்ளுபடி செய்தது. சிறியவரைத் துரத்துகிற செலவே அந்தப் பாக்கியை விட அதிகம் என்பது கோட்டைக்குப் புரிந்தது. டில்லிக்குப் புரியாதா?

அடுத்தது தவணை. பிந்திய ரிட்டர்ன் கொடுக்க வேண்டுமானால் மொத்தப் பணத்தையும் முதலில் கட்டியாக வேண்டும். இலாகா மதிப்பீடு செய்து கேட்கிற தொகைக்குத் தவணை கேட்டு மனுப்போடலாம். ஆனால் தாமாக முன்வருகிறவருக்குத் தவணை இல்லை! பிடிபட்டவருக்கு உள்ள சவுகரியம் யோக்கியமாக வருகிறவருக்கு இல்லை. அமெரிக்காவில் வரி பாக்கிக்காரர் மாதத் தவணை கேட்டு இணையத்திலேயே மனுப்போடலாம். பிரிட்டனில் தாமாக வந்து சொன்னால் தண்டம் குறைவு, தவணையும் கேட்கலாம். சீசனுக்கு ஒரு முறை காசு பார்க்கிற மலை வியாபாரிக்கு இங்கேயும் அப்படி வழி வேண்டும்.

மூன்றாவது, வருமான வரி இலாகா மலை ஏற வேண்டும். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு, இங்கிலீஷில் நோட்டீஸ் அனுப்பி, இணையதளத்தில் பதில் கேட்டால் செம்மநத்தத்துக்காரர் என்ன செய்வார்? காப்பி அறுவடைக்கு முன்னால் வருஷத்துக்கு இரண்டு நாள் ஏற்காட்டில் முகாம் போடட்டும். தமிழில் பேசுகிற இரண்டு ஆபீசர், ஒரு கம்ப்யூட்டர் போதும். எது விவசாயம், எது வியாபாரம், எந்த வருஷத்துக்கு எவ்வளவு என்று அங்கேயே எழுதிக் கொடுக்கட்டும். கோடை விழாவுக்கு மலர்க் கண்காட்சி போட முடிகிற சர்க்காருக்கு இது பெரிய காரியமா?

1961-ம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ம் ஆண்டின் புதுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று ஏற்பாடு. எளிமையான மொழி என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பழைய வருஷத்துப் பாக்கிகளுக்குப் பழைய சட்டம்தான். புதுச் சட்டம் தொடங்குகிற நேரத்தில் பழைய சிறு பாக்கிகளைத் தீர்க்க ஒரு நியாயமான வழி திறப்பதுதான் எளிமைக்கு அடையாளம். பக்கங்கள் குறைந்ததில் மட்டும் எளிமை இல்லை.

மலை ஜனங்கள் வரி ஏய்ப்பவர்கள் அல்ல. கேட்டால் கொடுக்கிறவர்கள். பஞ்சாயத்து வீட்டு வரி ரசீதைக் கூட பத்திரப்படுத்தி, பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர்கள். அவர்களுக்குத் தெரியாதது சட்டம். இலாகாவுக்குத் தெரியாதது மலை.

இரண்டு பேரும் பாதி வழியில் சந்தித்தால் பத்தாவது கொண்டை ஊசி வளைவிலேயே பேசி முடித்துவிடலாம். ஆனால் சம்பளம் வாங்குகிறவர்தான் 20 வளைவும் ஏறி வர வேண்டும். அதுதான் முறை!